கப்பல் போகும் வழியில்தான் வணிகமும் போகிறது: கன்டெய்னர் வழித்தடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடு விட்டு நாடு போகும் சரக்கில், எடைக் கணக்கில் பார்த்தால், 80 சதவீதத்துக்கும் மேல் கடல் வழியாகத்தான் போகிறது. செருப்பு, சட்டை, மின்விசிறி, வாகன உதிரிபாகம் என்று கடைக்கு வரும் பொருட்களில் பெரும்பாலானவை அதில் கன்டெய்னரில் ஏறி வருபவை. ஒரு பொருள் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதில் சுங்க வரிக்கும் வர்த்தக ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு. கப்பல் கம்பெனி போடும் கால அட்டவணைக்கும் ஏறக்குறைய அதே அளவு பங்கு உண்டு. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கன்டெய்னர் கப்பல் வாடகை லாரி மாதிரியா, பஸ் மாதிரியா?

பஸ் மாதிரி. கச்சா எண்ணெய், நிலக்கரி, கோதுமை எல்லாம் வாடகை லாரி கணக்கில் போகும்: சரக்கு இருக்கிற இடத்துக்குக் கப்பலைக் கூப்பிடுவார்கள், முழுக் கப்பலையும் பேசி எடுப்பார்கள். கன்டெய்னர் கப்பல் அப்படி வராது. குறித்த நாளில், குறித்த துறைமுகங்களில், குறித்த வரிசையில் நின்று போகும். உங்கள் பெட்டி ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது கிளம்பிவிடும்.

பெரும்பாலான தடங்களில் வாரத்துக்கு ஒரு கப்பல். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் பணம் முழுக்க இதில்தான் முடங்குகிறது. கிழக்கு ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக வட ஐரோப்பா போய், வழியில் நிற்கும் துறைமுகங்களையும் சேர்த்து, திரும்பி வர 84 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு கப்பல் கிளம்ப வேண்டும் என்றால் 84-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும். ஆக, 12 கப்பல். ஒரே ஒரு தடத்துக்கு ஒரே அளவில் 12 கப்பல்! இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செங்கடல் விஷயம் வரும்போது தேவைப்படும்.

வெறும் இரும்புப் பெட்டிதானே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பெட்டியில் ஒன்றும் இல்லை. பெட்டியின் எட்டு மூலைகளில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பழைய நிலைமை. 1950கள் வரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலின் வயிற்றில் அடுக்கினார்கள். கப்பல் கடலில் ஓடிய நாட்களுக்குச் சமமாகத் துறைமுகத்தில் கட்டிக்கிடந்த நாட்களும் இருந்தன. கடல் தூரத்துக்கு ஆன செலவைவிட இரண்டு கரையிலும் ஆன கூலியும், திருட்டும், சேதாரமும்தான் பெரிய செலவு.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது டன்னுக்கு 5.83 டாலர் ஆகும் என்பது கணக்கு, இந்தப் பெட்டிகளுக்கு ஆனது சுமார் 16 சென்ட். இந்தத் தொழிலில் அதிகம் திருப்பிச் சொல்லப்படும் எண்கள் இவை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், 30 மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பதை யாரும் மறுக்கவில்லை.

அப்புறம்தான் மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஓட்டை உள்ள ஒரு வார்ப்பு எஃகுக் கட்டி இருக்கும். கிரேன் அதைப் பிடித்துத்தான் தூக்குகிறது. லாரியிலும் ரயிலிலும், கப்பலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போதும், அந்த ஓட்டைக்குள் ஒரு பூட்டை நுழைத்துத் திருகினால் போதும். வடிவமைத்தவர் மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். அந்தக் காப்புரிமையை மெக்லீன் விட்டுக்கொடுத்ததால்தான் 1960களில் உலகம் முழுவதற்கும் ஒரே மூலை, ஒரே அகலம் என்று தரம் வகுக்க முடிந்தது. இன்று பெரும்பாலும் 20 அடி, 40 அடி என்ற இரண்டு நீளங்கள்தான் ஓடுகின்றன. கப்பலின் கொள்ளளவையும் 20 அடிப் பெட்டிக் கணக்கில்தான் சொல்வார்கள், அதற்கு டிஇயு என்று பெயர். ஒரு 40 அடிப் பெட்டி 2 டிஇயு.

இதில் தோற்றவர்களும் உண்டு. நெரிசலான நகரத்தின் நடுவே, பெட்டி அடுக்க இடமில்லாமல் இருந்த துறைமுகங்கள் இருபது ஆண்டுக்குள் படுத்துவிட்டன. நியூயார்க்கின் மன்ஹாட்டன், புரூக்ளின் துறைகளின் வேலை எதிர்க்கரையில் நியூவார்க், எலிசபெத் பக்கம் போனது. சான் பிரான்சிஸ்கோவின் வேலை ஓக்லண்டுக்குப் போனது. லண்டன் நகரத்துத் துறைகள் ஒவ்வொன்றாக மூடி, 1981-இல் கடைசியும் மூடியது. அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கிய குடும்பங்களின் பிழைப்பும் கூடவே போனது.

நேரடியாகப் போகாமல் ஏன் சிங்கப்பூர் மாதிரி ஓர் இடத்தில் இறக்கி, வேறு கப்பலில் ஏற்றுகிறார்கள்?

20 துறைமுகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேராக இணைக்க வேண்டும் என்றால் 190 தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு மையத்தை வைத்து எல்லாரும் அங்கே வந்து மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் 20 தடங்கள் போதும். முதல் பதிலில் பார்த்த 12 கப்பல் கணக்கை 190-ஆல் பெருக்கிப் பாருங்கள், யாராலும் கட்டுப்படி ஆகாது.

அதனால் சின்னத் துறைமுகத்திலிருந்து ஃபீடர் என்கிற சிறிய கப்பல் பெட்டிகளை மையத்துக்குக் கொண்டுவரும். அங்கே தாய்க் கப்பலில் ஏறும். சிங்கப்பூர் 2024-இல் 4 கோடி டிஇயுவுக்கு மேல் கையாண்டது. அதில் பெரும்பகுதி சிங்கப்பூருக்கு வந்த சரக்கே இல்லை, கப்பல் மாற வந்தது. கொழும்பு, துபாயின் ஜெபல் அலி, ஓமனின் சலாலா, மொராக்கோவின் டாஞ்சியர் மெட், ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் இவையும் அந்த வகைதான். பிரதான கப்பல் தடத்திலிருந்து அதிகம் விலகாத இடம், ஆழமான நீர், தாமதமில்லாத கிரேன்: இந்த மூன்றும் இருந்தால் பின்னால் பெரிய தொழில்நகரம் இல்லாமலேயே ஒரு துறைமுகம் பெரிய ஆளாகிவிடலாம்.

சரி, பெட்டி எங்கே மாறினால் என்ன? வணிகத்துக்கு அதனால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகள் கப்பல் கணக்கில் வெகுதூரம் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே நேரடித் தடம் இல்லையென்றால், பெட்டி முதலில் ஒரு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே இறங்க வேண்டும். அடுத்த கப்பலுக்கு நான்கு நாளோ பத்து நாளோ காத்திருக்க வேண்டும். திரும்ப ஏறி, வந்த திசையிலேயே பாதி தூரம் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையாளும் செலவு, தாமதம், தவறிப்போகும் வாய்ப்பு எல்லாம் கூடும். ஆனால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் வேறொரு நாட்டுக்கு வாரம் மூன்று தாய்க் கப்பல் நேரே போகிறது. வியாபாரி யாரிடம் வாங்குவார்? கப்பல் எங்கே போகிறதோ அங்கேதான்.

ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்க்டாட்டின் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நேரடிக் கப்பல் தொடர்பு இல்லாத நாட்டு இணைகளுக்கிடையே ஏற்றுமதி மதிப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருப்பதாக அவர்களின் கணக்கு சொன்னது. சரக்கு இல்லாததால் கப்பல் இல்லையா, கப்பல் இல்லாததால் சரக்கு இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் என்பதே என் எண்ணம். தடம் வந்தால் சரக்கு வளரும், சரக்கு வளர்ந்தால் இன்னொரு தடம் வரும். முதல் தடம் வராத இடம் அப்படியே நின்றுவிடும்.

பசிபிக் தீவு நாடுகள் இந்தப் பிடியில் மாட்டியவை. சரக்கு குறைவு, அதனால் சின்னக் கப்பல் எப்போதாவது வரும், அதனால் கட்டணம் கூடுதல், அதனால் சரக்கு இன்னும் குறைவு. கடலே இல்லாத நாடுகளின் பாடு வேறு. எத்தியோப்பியாவின் வெளிநாட்டு வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி என்ற ஒரே பக்கத்து நாட்டின் துறைமுகத்தை நம்பி இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் கட்டணப் பட்டியல் எத்தியோப்பியாவுக்கு இன்னொரு சுங்க வரி மாதிரி.

ஒரு துறைமுகம் மையமாகிவிட்டால் அது நிரந்தரமா?

இல்லவே இல்லை. பக்கத்தில் தொழிற்சாலை உள்ள துறைமுகத்தைக் கப்பல் சுலபமாகக் கைவிடாது. ஆனால் கப்பல் மாறும் சரக்குக்கு ஊர்ப்பற்று கிடையாது. 2000-இல் மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனி, சிங்கப்பூரிலிருந்து ஜலசந்தியைத் தாண்டி மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸுக்குத் தன் மையத்தை மாற்றியது. 2002-இல் எவர்கிரீன் என்ற இன்னொரு கம்பெனியும் பின்னாலேயே போனது. சிங்கப்பூர் ஒன்றும் அழிந்துவிடவில்லை, ஆனால் அன்றிலிருந்து எந்த மையமும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

சட்டமும் தடத்தை வளைக்கும். அமெரிக்காவின் 1920-ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டப்படி, இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாகவும் அமெரிக்கர் கையில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் அங்கே பெட்டியை இறக்கி ஃபீடரில் இன்னோர் அமெரிக்க ஊருக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. பஹாமாஸின் ஃப்ரீபோர்ட், ஜமைக்காவின் கிங்ஸ்டன் போன்ற தீவுத் துறைமுகங்கள் மையங்களாக வளர்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இலிருந்து கப்பல் விடும் புகைக்கும் கார்பன் கட்டணம் வசூலிக்கிறது. வெளியே ஒரு துறைமுகத்தில் நின்று பெட்டியை மாற்றிக் கட்டணத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று முன்கூட்டியே யோசித்து, டாஞ்சியர் மெட்டையும் எகிப்தின் கிழக்கு போர்ட் சயீதையும் பெயர் சொல்லிக் குறித்து, அங்கே பெட்டி மாற்ற நிற்பதைப் பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோ கணக்கில் எடுக்கமாட்டோம் என்று விதி எழுதிவிட்டார்கள்.

கப்பல் பெரிதாக ஆக எல்லாருக்கும் லாபம்தானே?

கப்பல் கம்பெனிக்கு லாபம். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இன்றைய பெரிய கப்பல்கள் 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம், குறுக்கே 24 வரிசைப் பெட்டிகள், மொத்தம் 24,000 டிஇயுவுக்கு மேல். ஒரு பெட்டிக்கு ஆகும் எரிபொருளும் ஆள் செலவும் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த 24-ஆவது வரிசையை எட்டும் கை நீளமுள்ள கிரேனைத் துறைமுகம்தான் வாங்க வேண்டும். அடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியதும் துறைமுகம்தான், அதாவது பெரும்பாலும் அரசுப் பணம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெட்டி இறங்கும்போது வெளியே லாரி வரிசை நீளும், அடுத்த மூன்று நாள் கிரேன் சும்மா நிற்கும்.

இதைவிட முக்கியம், பெரிய கப்பல் குறைவான இடங்களில்தான் நிற்கும். முன்பு இரண்டு சின்னக் கப்பல்கள் வெவ்வேறு துறைமுகங்களைத் தொட்டு ஓடிய இடத்தில் இப்போது ஒன்று ஓடும். பட்டியலிலிருந்து விழுந்த துறைமுகம் ஃபீடர் துறைமுகமாக இறங்கிவிடும்.

கூட்டணி என்கிறார்களே, அது என்ன?

இவ்வளவு பெரிய கப்பலைத் தனியாக நிரப்ப முடியாது என்பதால் போட்டிக் கம்பெனிகளே ஒன்றின் கப்பலில் மற்றொன்று இடம் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ரசீதில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும், பெட்டி இன்னொரு கம்பெனி கப்பலில் போகும். விலையைக் கூட்டாகப் பேசக் கூடாது, இடத்தை மட்டும் பகிரலாம் என்பது விதி. முதல் பத்துக் கம்பெனிகளின் கையில் உலகக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் சீட்டு மறுபடி கலைந்தது. மேர்ஸ்கும் ஹபாக்-லாய்டும் ஜெமினி என்ற பெயரில் சேர்ந்தன, எம்எஸ்சி தனியாக நிற்கிறது. ஜெமினி தாய்க் கப்பலைச் சில மையங்களில் மட்டும் நிறுத்தி, மற்றதை ஃபீடரில் அனுப்பி, நேரம் தவறாமல் ஓட்டுவோம் என்கிறது. எம்எஸ்சியோ அதிகத் துறைமுகங்களை நேராகத் தொடுவோம் என்கிறது. ஏற்றுமதியாளருக்கு இது சின்ன விஷயமில்லை: ஒன்றில் ஒரு நாள் பிசகாது ஆனால் கப்பல் மாற வேண்டும், இன்னொன்றில் மாற வேண்டாம் ஆனால் நாள் பிசகலாம்.

ஒரு கம்பெனி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் இறுதியில் தென்கொரியாவின் ஹான்ஜின் திவால் நடைமுறைக்குப் போனபோது, பணம் வராது என்று பயந்து பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளேயே விடவில்லை. பெட்டிகளோடு கப்பல்கள் நடுக்கடலில் நின்றன.

செங்கடலில் பிரச்சினை என்றால் அந்தப் பக்கமே போகாத சரக்குக்கும் ஏன் கட்டணம் ஏறுகிறது?

அந்த 12 கப்பல் கணக்குக்கு வருவோம். செங்கடலில் கப்பல்கள் மீது ஏமனின் ஹூதி ஆயுதக் குழு 2023 நவம்பரில் தொடங்கிய தாக்குதல்களால் பெரும்பாலான கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஒரு பக்கத்துக்குப் பத்து நாள் கூடுகிறது என்று வைத்தால் 84 நாள் சுற்று 104 நாள் ஆகிறது. ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 15. அதே சரக்கை, அதே வாரக் கணக்கில் கொண்டுபோக இப்போது ஒரு தடத்துக்கு மூன்று கப்பல் கூடுதல். அந்த மூன்று வானத்திலிருந்து வராது, வேறு தடத்திலிருந்து பிடுங்கி வர வேண்டும். அங்கே இடம் குறையும், கட்டணம் ஏறும். செங்கடலையே பார்க்காத பெட்டியும் இப்படித்தான் அந்தச் செலவில் பங்கு போடுகிறது.

2021 மார்ச் 23 முதல் 29 வரை எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் குறுக்கே மாட்டிச் சூயஸை அடைத்தது இன்னொரு வகை. அடைப்பு ஆறு நாள்தான், ஆனால் தேங்கிய கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் போய்க் குவிந்தன. இழப்பீட்டுப் பேச்சு முடியும்வரை அந்தக் கப்பலை எகிப்து ஜூலை வரை விடவில்லை. அதற்குள் இருந்த பெட்டிகளின் சொந்தக்காரர்கள், தங்கள் தவறு எதுவும் இல்லாமல், மீட்புச் செலவில் பங்கு தருவதாக உறுதி கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும் என்ற நிலை. பழங்காலத்துக் கடல் வழக்கம் அது, சட்டமாக இன்னும் உயிரோடு இருக்கிறது. காப்பீடு எடுக்காமல் சரக்கு அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

கட்டணம் ஏழு மடங்கு ஏறினால் பொருள் விலையும் அப்படியே ஏறுமா?

பொருளைப் பொறுத்தது. டிரூரி என்ற ஆய்வு நிறுவனத்தின் உலகக் குறியீட்டில் 40 அடிப் பெட்டிக்கு 2019-இல் சராசரி 1,420 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,377 டாலருக்குப் போனது.

ஒரு பெட்டியில் 7,000 ஜோடி காலணி பிடிக்கிறது என்று வையுங்கள். ஜோடிக்கு 20 சென்டாக இருந்த கப்பல் செலவு ஒன்றரை டாலர் ஆகிறது. வலிக்கும், ஆனால் சமாளிக்கலாம். அதே பெட்டியில் சோபா என்றால் 40 பிடித்தால் பெரிது. ஒன்றுக்கு 35 டாலராக இருந்தது கிட்டத்தட்ட 260 டாலர். மலிவு சோபா வியாபாரம் அங்கேயே முடிந்தது. கைபேசி விற்பவருக்கு இந்த ஏற்றம் கண்ணிலேயே படாது. இடத்தை அடைக்கும், விலை குறைந்த பொருள்தான் முதலில் அடிபடும்.

காலிப் பெட்டிகள் எங்கே போகின்றன?

வந்த வழியே திரும்பிப் போகின்றன, பல நேரம் காலியாகவே. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு அதிகம், திரும்பி வருவது குறைவு. எப்படியும் திரும்ப வேண்டிய பெட்டி என்பதால் திரும்பு பயணத்துக்குக் கட்டணம் மிகக் குறைவு. அந்த மலிவை நம்பியே சில வணிகங்கள் பிறந்தன: அமெரிக்க மேற்கு மாநிலங்களில் விளைந்த குதிரைமசால் தீவனம் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி ஜப்பானிய, சீன மாடுகளுக்குப் போவது இப்படித்தான். பழைய காகிதமும் அப்படித்தான் சீனாவுக்குப் போனது, கழிவு இறக்குமதிக்குச் சீனா 2018-இல் கதவைச் சாத்தத் தொடங்கும்வரை.

2021-இல் ஆசியாவில் ஏற்றக் கிடைத்த கட்டணம் அவ்வளவு அதிகம் என்பதால், அமெரிக்க விவசாயியின் சரக்குக்காகக் காத்திருக்காமல் பெட்டிகளைக் காலியாகவே திருப்பிக் கொண்டுபோனார்கள். சரக்கு கரையில் கிடக்க, காலிப் பெட்டி கப்பல் ஏறியது. எழுந்த கூச்சலில் 2022 ஜூனில் அமெரிக்கா கப்பல் சட்டத்தையே திருத்தியது.

ரயிலும் விமானமும் இதற்கு மாற்று ஆகாதா?

அவசரத்துக்கு ஆகும், அளவுக்கு ஆகாது. நீளமான சரக்கு ரயில் ஒன்று நூறு சொச்சம் 40 அடிப் பெட்டி இழுக்கும். மேலே சொன்ன பெரிய கப்பல் ஒன்றுக்கு ஈடாக அப்படி நூறு ரயில் வேண்டும்.

என் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடினால் 'அப்படி ஒன்று இல்லை' என்று வருகிறதே?

பெரும்பாலும் எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பீர்கள். கதவில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் தனியாகக் கட்டம் போட்ட ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. விளக்கத்துக்கு வழக்கமாகக் காட்டும் எண் 'சி எஸ் க்யூ யூ 305438', கட்டத்தில் 3. எழுத்துகளுக்கு 13, 30, 28, 32 என்று மதிப்பு உண்டு. முதலாவதை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அப்புறம் 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவதை 512-ஆல் பெருக்கிக் கூட்டினால் 6,185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஓர் இலக்கம் பிசகினாலும் அநேகமாக மீதி பொருந்தாது, கணினி ஏற்காது. பலர் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தை எண்ணின் பகுதி இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.